படப்பெட்டியும் திறப்பும்

இலங்கையில் பண்டங்களின் தரத்தை வரையறுக்கும் அரச நிறுவனத்தின் தமிழ்ப்பெயர் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் என்பதாகும். போத்தலில் அடைத்த நீரிலும் மின்சாதனப் பெட்டிகளிலும் அதன் இலச்சினையை நாம் எல்லோரும் கண்டிருப்போம். தண்ணீருக்கு யார், எதற்காகக் கட்டளை இடுகிறார்கள் என்று சிறுவயதில் நான் வியந்ததுண்டு. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில வந்த பின்னரே அச்சொல்லின் மற்றைய முகம் தெரியலாயிற்று. செங்கல் அறுப்போர் மண்ணை இட்டு அமுக்கும் மரச்சட்டமும் கட்டளைதான். யாப்பிலே கட்டளைக் கலித்துறை என ஒன்றுண்டு. நேரசையில் தொடங்கும் அடிக்கு மெய்யெழுத்து நீங்கலாக 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்பது அதன் அளவு. அந்த அளவை அறிந்த எவரும் அதிற் பாடலாம். பாடுவதற்கு எவரிடமும் உத்தரவு பெறவேண்டியதில்லை.

ஆகவே கட்டளை என்பது அச்சாகவும் இருக்கலாம், ஆணையாகவும் இருக்கலாம். ஒரே சொல் இரண்டையும் சுமப்பது தற்செயலானது என்று நான் எண்ணவில்லை. கடந்த கால் நூற்றாண்டில் உலகத் திரைப்படத் தொழில் தனக்கென வகுத்துக்கொண்ட டிஜிற்றல் நியமங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நாள்முதல் இந்த இரட்டைப் பொருள் என்னை விட்டு அகலவில்லை. கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இந்த விடயத்தில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். அதற்குரிய காரணம் கட்டுரையின் போக்கிற் புலப்படும்.

பழைய கட்டளையிலிருந்து தொடங்குவோம். 1890களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுகூடத்தில் டிக்சன் என்பவர் 35 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருளை உருவாக்கினார். ஒவ்வொரு சட்டகத்துக்கும் இருபுறமும் நந்நான்கு துளைகள். 1909இல் பாரிஸ் நகரில் ஜோர்ஜ் மெலியேயின் தலைமையிற் கூடிய தயாரிப்பாளர் மாநாடு இந்த அகலத்தையும் துளையையும் பொது அளவாக ஏற்றுக்கொண்டது. இந்த அச்சும் தூய்மையான பிறப்புடையதன்று. எடிசனும் அவரோடு சேர்ந்தோரும் 1908இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமைக் கூட்டமைப்பை நிறுவித் திரைப்படத் தொழில் முழுவதையும் தம் கைக்குள் வைத்திருக்க முயன்றனர். 1915இல் நீதிமன்றம் அது சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது. கூட்டமைப்பு மறைந்தது, துளையின் அளவு நிலைத்தது. 1920களின் இறுதியிற் பேசும்படம் வந்தபோது செக்கனுக்கு 24 சட்டகம் என்ற வேகமும் அதனோடு சேர்ந்துகொண்டது. அதன்பின் ஹொலிவூட்டில் அச்சிட்ட பிரதி மொஸ்கோவில் ஓடியது. சென்னையில் அச்சிட்ட பிரதி யாழ்ப்பாணத்தில் ஓடியது.

யாழ்ப்பாணத்தில் அதனை ஓட்டியவர்களுள் ஒருவர் என் பெரியப்பா. 1974 தொடக்கம் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் ஒப்பறேற்றராக இருந்தார். 1990இற் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அவரது தொழிலும் நின்றது. கார்பன் குச்சிகள் இரண்டையும் எவ்வளவு இடைவெளியில் வைத்தால் ஒளி நடுங்காது, திரையின் வலப்பக்க மேல்மூலையில் வட்டப்புள்ளி தோன்றியதும் எத்தனை செக்கனில் மற்றைய இயந்திரத்துக்கு மாறவேண்டும் என்பவற்றையெல்லாம் இன்றும் அவர் கைவிரல்கள் மறக்கவில்லை. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் இரும்புப் படப்பெட்டிகள் வரும். நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 13,500 அடி நீளம் உடையது. ஆயிரம் அடி றீலாகக் கணக்கிட்டாற் பதினான்கு றீல். ஒரு பிரதியை இரண்டு அரங்குகள் பகிர்ந்துகொள்ளும் நாள்களில், இங்கே முடிந்த றீலைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு ஒரு பையன் அங்கே ஓடுவான். சைக்கிளுக்குக் காற்றுப் போனால் இரண்டாவது அரங்கிற் கூச்சல் எழும்.

பிரதி அறுந்தால் பெரியப்பாவே சுரண்டி ஒட்டுவார். ஒட்டுமிடத்தில் இரண்டொரு சட்டகம் போய்விடும். அப்படிப் போன சட்டகங்கள் ஊர்ச் சிறுவர்களின் கணக்குக் கொப்பிகளுக்குள் வாழ்ந்தன. படம் பழுதுபட்டது, குறைந்தது, திரையெங்கும் மழைக்கோடு விழுந்தது. ஆயினும் அது அவர் கையில் இருந்தது. பெட்டி வந்துவிட்டால் அன்று படம் ஓடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

புதிய கட்டளையின் கதை 1999 யூனில் தொடங்குகிறது எனலாம். நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதிகளில் நான்கு திரைகளில் ஸ்ரார் வோர்ஸ் வரிசையின் புதிய படம் பிலிம் இன்றிக் காட்டப்பட்டது. அந்த நான்கு திரைகளிலேயே இருவேறு வகைப் புரொஜெக்ரர்கள் இருந்தமை கவனிக்கத்தக்கது. கோப்பு எவ்வாறு சுருக்கப்படவேண்டும், நிறம் எவ்வாறு குறிக்கப்படவேண்டும், களவிலிருந்து எவ்வாறு காக்கப்படவேண்டும் என்பவற்றில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி கூறிற்று. இந்நிலை நீடித்திருந்தால் ஒரு ஸ்ரூடியோவின் படம் ஓடும் அரங்கில் மற்றையதன் படம் ஓடாது. 1909இற்கு முந்திய குழப்பமே மீண்டிருக்கும். 1916இல் நிறுவப்பெற்ற அமெரிக்கத் திரைப்படப் பொறியியலாளர் சங்கம், பிற்காலத்தில் எஸ்.எம்.பி.ரி.ஈ. என வழங்கப்படுவது, 2000ஆம் ஆண்டளவில் இதற்கெனக் குழு அமைத்தது. எனினும் அளவை விதித்தவர்கள் பொறியியலாளர் அல்லர். 2002 மார்ச்சில் டிஸ்னி, பொக்ஸ், எம்.ஜி.எம்., பரமவுண்ட், சோனி, யுனிவர்சல், வோர்ணர் ஆகிய ஏழு ஸ்ரூடியோக்கள் சேர்ந்து டி.சி.ஐ. என்னும் அமைப்பை ஏற்படுத்தின. திரையரங்கு உரிமையாளரின் கருத்துக் கேட்கப்பட்டது. உறுப்புரிமை ஸ்ரூடியோக்களுக்கே இருந்தது.

இதனை வெறும் ஏகபோகச் சதி எனத் தள்ளிவிடுவது எளிது. எமது மரத்தடி விவாதங்களில் அவ்வாறு தள்ளப்படுவதைக் கேட்டுமிருக்கிறேன். அவ்வாறு தள்ளுவோர் அக்குழு உண்மையில் என்ன செய்தது என்பதைப் பார்த்ததில்லை என்றே சொல்வேன். ஹொலிவூட்டின் பழைய பசிபிக் திரையரங்கில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுகூடத்திற் சோதனைகள் நடந்தன. சோதிப்பதற்கென்றே, ஒளிப்பதிவாளர் சங்கத்துடன் சேர்ந்து 2003இல் ஒரு குறும்படம் எடுக்கப்பட்டது. அதிலே ஒரு திருமண விழா நடக்கிறது, இரவு வருகிறது, மழை பெய்கிறது. கதைக்காக அன்று, மழைத்தாரையும் இருளும் வெண்துகிலும் ஒரே படத்தில் வந்தால் எந்தச் சுருக்கமுறை முதலிற் தடுமாறும் என்று கண்டறிவதற்காக. பிலிமுக்குக் குறைந்த ஒன்றை ஏற்பதில்லை என்பது அவர்களின் நிலைப்பாடு.

2005 யூலை 20ஆம் திகதியிட்ட முதலாவது விவரக்கூற்றில் அதன் விளைவு இருக்கின்றது. படம் 2048க்கு 1080 அல்லது 4096க்கு 2160 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு சட்டகமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியே சுருக்கப்படும். செக்கனுக்கு 250 மெகாபிற்றுக்கு மேற் போகலாகாது. ஒலி சுருக்கப்படுவதேயில்லை. இங்கே இரண்டு முடிவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பெரிய அளவிலான கோப்பிலிருந்து சிறிய புரொஜெக்ரர் தனக்கு வேண்டிய பகுதியை மாத்திரம் எடுத்துக் காட்டும். ஆதலால் செல்வந்த அரங்குக்கும் எளிய அரங்குக்கும் ஒரே பொதி போதும். நிறமோ அன்றைய விளக்குகளால் இயன்ற அளவோடு நிறுத்தப்படவில்லை. 1931இல் வகுக்கப்பட்ட ஓர் அளவுமுறைப்படி, மனிதக் கண் காணக்கூடிய நிறம் அனைத்தும் அடங்கும் வகையிற் குறிக்கப்பட்டது. இன்னும் பிறவாத புரொஜெக்ரருக்கும் இடம் விட்டு வைத்தார்கள். இவ்வளவும் அச்சு. நல்ல தச்சன் செய்த செங்கற் கட்டளை.

ஆணை அதே ஆவணத்தின் பாதுகாப்பு அத்தியாயத்தில் இருக்கின்றது. டி.சி.பி. எனப்படும் படப்பொதி வன்தட்டில் அரங்குக்கு வருகிறது. ஏறத்தாழ நூறிலிருந்து முந்நூறு கிகாபைற் வரை இருக்கும். அதனுள்ளே படம் 128 பிற் நீளமுடைய இரகசிய எண்களாற் பூட்டப்பட்டிருக்கும். அந்த எண்கள் பொதியில் இல்லை. கே.டி.எம். என்னும் சிறிய கோப்பாகத் தனியே மின்னஞ்சலில் வரும். எங்கள் ஊர் வழக்கில் அதுவே திறப்பு. அதன் பொறிமுறை நுட்பமானது. ஒவ்வொரு அரங்கின் இயந்திரத்துக்கும் பகிரங்க எண் ஒன்றும் அந்தரங்க எண் ஒன்றும் உள. திறப்பு அந்தப் பகிரங்க எண்ணைக் கொண்டு மூடி அனுப்பப்படும். அந்தரங்க எண்ணை உடைய அந்த ஓர் இயந்திரம் மாத்திரமே அதனைத் திறக்கும். பக்கத்து மண்டபத்துக்கு அதே பொதியைக் கொண்டுபோனால் வேறு திறப்பு வேண்டும். இன்ன நாள் இன்ன மணி தொடங்கி இன்ன மணி வரை செல்லும் என்ற வரையறையும் அதில் உண்டு. இயந்திரத்தின் கடிகாரத்தை அரங்கினர் விரும்பியபடி திருப்ப இயலாது. எத்தனை மணிக்கு ஓடிற்று என்பது பதிவாகும். பெட்டியைத் திறந்து பார்க்க முயன்றால் உள்ளிருக்கும் அந்தரங்க எண் தானே அழிந்துபோகும்.

இந்த அத்தியாயத்தை ஒரு முற்பகல் முழுவதும் நேரிற் கண்டேன். சில வருடங்களுக்கு முன், பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகும் நாள். காலை ஆறு மணிக் காட்சிக்கு நண்பர்களுடன் போயிருந்தேன். எதைத்தான் ஓட்டுகிறார்கள் பார்ப்போம் என்று பெரியப்பாவும் வந்திருந்தார். பொதி முதல்நாளே வந்து இயந்திரத்தில் ஏற்றப்பட்டிருந்தது. சுவரொட்டி, பால், பறை எல்லாம் தயார். ஏழு மணியாயிற்று, எட்டும் ஆயிற்று. தயாரிப்பாளருக்கும் பணம் கொடுத்தவருக்கும் சென்னையில் ஏதோ பிணக்கு, தீர்ந்தால்தான் அனுப்புவார்களாம் என்று முகாமையாளர் வந்து சொன்னார். பத்தேகால் வரை நின்றுவிட்டுச் சனம் கலைந்தது. பெரியப்பா திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் படலையடியில் நின்று, "பெட்டி வராட்டிப் படம் ஓடாது, அது ஞாயம். பெட்டி வந்தும் ஓடாதெண்டா அது என்ன ஞாயம் தம்பி?" என்றார்.

அந்த முகாமையாளரைக் குறை சொல்வதற்கில்லை. தம் அரங்கில், தம் பணத்தில் வாங்கிய இயந்திரத்துள் இருக்கும் படத்தை ஓட்டும் அதிகாரம் அவரிடம் இல்லை. களவைத் தடுக்கவே பூட்டு என்று விவரக்கூற்று கூறும், களவும் உண்மையே. ஆயின், களவைத் தடுக்கச் செய்த பூட்டுக் கடன் வசூலிக்கவும் உதவும் என்பது, பூட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விடயம். இரும்புப் பெட்டிக் காலத்திலும் விநியோகத்தர் பெட்டியைத் தடுத்துவைத்தது உண்டு. அன்று தடுப்பதற்குப் பெட்டி அவர் களஞ்சியத்தில் இருக்கவேண்டும். இன்று அது தேவையில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிம் பிரதி ஒன்றுக்கு ஆயிரம் டொலருக்கு மேற் செலவாகும். அது ஸ்ரூடியோவின் செலவு. டிஜிற்றலில் அந்தச் செலவு ஏறக்குறைய மறைந்தது. புதிய இயந்திரமோ திரை ஒன்றுக்கு ஐம்பதாயிரம் டொலருக்கு மேல்; அது அரங்கின் செலவு. இதனைச் சமன்செய்ய, அரங்கில் ஏறும் ஒவ்வொரு படத்துக்கும் விநியோகத்தர் ஒரு தொகை கொடுத்து இயந்திரக் கடனைத் தீர்க்கும் ஒழுங்கு ஏற்பட்டது. பெரிய சங்கிலி அரங்குகளுக்கு அது பொருந்திற்று. சிற்றூர் ஒற்றைத்திரைகள் பல மூடப்பட்டன. 2014 சனவரியில், பரமவுண்ட் நிறுவனம் அமெரிக்காவிற் பிலிம் பிரதிகளை நிறுத்திவிட்ட செய்தி வெளிவந்தது. தமிழ்நாட்டிலே கியூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்கள் ஹொலிவூட் அளவினும் மலிவான முறைகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான அரங்குகளை மாற்றின. இந்திய ஊர்ப்புற அரங்குகள் பல பிழைத்தமைக்கு அதுவும் காரணம். ஆயினும் இயந்திரக் கடன் தீரவேண்டிய காலம் கடந்தும் கட்டணம் தீரவில்லை என்று தயாரிப்பாளர் முறையிட்டனர். 2018 மார்ச் முதலாம் திகதி தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி கடந்தும் புதிய தமிழ்ப் படம் எதுவும் வெளிவராமல் நிறுத்தினர். தற்காலிகம் என்று நுழைந்த கட்டணங்கள் நிரந்தரமாகத் தங்கிவிடுவது திரைப்படத் தொழிலுக்கு மாத்திரம் உரியதன்று.

எம்மவர்க்கு இதில் இன்னொரு கவலை உண்டு. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது இந்நாட்டுப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. அப்படி மூலம் அழிந்த படத்துக்கும், எங்கோ ஓர் அரங்கின் பின்னறையில் மழைக்கோடு விழுந்த ஒரு பிரதி கிடக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு. பூட்டிய பொதியில் அந்த நம்பிக்கை இல்லை. நூறு அரங்குகளில் நூறு வன்தட்டுகள் கிடந்தாலும், திறப்பின் தவணை முடிந்தபின் அவை நூறு இரும்புத் துண்டுகளே.

இனி என் அக்கறைக்கு வருகிறேன். எமது பல்கலைக்கழகத் திரைப்பட வட்டத்தினர் ஐவர் சேர்ந்து பதினான்கு நிமிடப் படம் ஒன்றை எடுத்தோம். வன்னிக் கிராமம் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவர், 2009இற் காணாமற்போன மகனுக்காகப் பாடும் ஒப்பாரியே அதன் உள்ளடக்கம். வேறொன்றும் அதில் இல்லை. அவர் வாசலில் இருந்து பாடுகிறார், இடையிடையே கோழிகளை விரட்டுகிறார். படம் ஒரு விழாவுக்குத் தெரிவாயிற்று. டி.சி.பி. அனுப்புக என்றார்கள். இங்கேதான் டி.சி.ஐ.யின் அச்சுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். விவரக்கூற்று எவரும் வாசிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதால், அதனைக் கொண்டு ஆர்வலர்கள் இலவச மென்பொருள்களை ஆக்கியிருக்கிறார்கள். டி.சி.பி.-ஓ-மற்றிக் என்ற ஒன்றை இறக்கி, விடுதி அறையில் ஒரு பழைய மடிக்கணினியை இரவு முழுவதும் ஓடவிட்டு, கோடி டொலர்ப் படங்கள் செல்லும் அதே பொதியை நாமும் செய்தோம். ஏழு ஸ்ரூடியோக்கள் சேர்ந்து அடித்த கட்டளையில் எமது மண்ணும் அமுங்கிற்று.

ஆயின் ஒரு சிக்கல் எழுந்தது. எமது நாட்டுத் தொலைக்காட்சி வழக்கப்படி, இரவல் கமரா செக்கனுக்கு 25 சட்டகமே எடுக்கும். எஸ்.எம்.பி.ரி.ஈ. பின்னர் வெளியிட்ட நியமத்தில் 25 சட்டகத்துக்கு இடமுண்டு. அரங்குகள் பலவற்றிலோ அதற்கு முந்திய இடைக்கால வடிவமே நம்பகமானது எனக் கருதப்படுகிறது. விழாவினர் கேட்டதும் அதுவே, 24 சட்டகம். படத்தை 24இல் ஓட்டினாற் பதினான்கு நிமிடம் பதினான்கு நிமிடம் 35 செக்கன் ஆகும். குரலின் சுருதி அரைச்சுரத்தின் முக்காற்பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கும். கேட்போர் எவர்க்கும் தெரியாது என்றார்கள். மூதாட்டியின் மகளுக்குப் போட்டுக் காட்டினோம். "அம்மா களைச்சுப்போய்ப் பாடின மாதிரிக் கிடக்கு" என்றார் அவர். சுருதியை மாத்திரம் மீண்டும் உயர்த்த வழியுண்டு. உயர்த்தினால் மூச்சு வாங்குமிடங்களில் ஒரு சிறு கரகரப்பு வரும். இரண்டு நாள் வாதிட்டு உயர்த்துவதென முடிவு செய்தோம். காலம் நீண்டது, சுருதி அவருடையதாகவே இருந்தது.

அதனினும் பெரிய வாதம் பூட்டைப் பற்றியது. மென்பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதிற் குறியிட்டாற் பொதி பூட்டப்படும். திறப்பை நாமே ஆக்கி, எந்த இயந்திரத்துக்கு எந்த நாளில் என்று நாமே விதிக்கலாம். நான் வேண்டாம் என்றேன். எம்முள் ஒருவன், இவன் வன்னியைச் சேர்ந்தவன், பூட்டவே வேண்டும் என்றான். ஒரு தாயின் ஒப்பாரி கைபேசி கைபேசியாக அலைந்து, எவனோ ஒருவன் அதற்குச் சினிமாப் பாட்டை இணைத்துச் சிரிப்பதற்கு நாம் வழிசெய்யலாமா என்பது அவன் கேள்வி. பூட்டு வலியவனுக்கு மாத்திரமே உரிய கருவி என்று அதுவரை எண்ணியிருந்தவர்களுக்கு அவன் கேள்வி இலகுவில் விடைகாணக் கூடியதாக இருக்கவில்லை. ஈற்றிற் பாடியவரிடமே கேட்பதென்று போனோம். மகள் விளக்கிச் சொல்ல அவர் பொறுமையாகக் கேட்டார். பின், "பூட்டினா, நான் செத்தாப் பிறகு திறப்பு ஆரிட்டையப்பு இருக்கும்?" என்றார். நண்பன் விடை சொல்லவில்லை.

கட்டத்திற் குறியிடாமலே பொதியை ஆக்கினோம். ஒன்றை விழாவுக்கு அனுப்பினோம். ஒன்று நூலகத்தில் இருக்கின்றது. மற்றையதை அவர் மகளிடம் கொடுத்தோம். அதனை ஓட்டிப் பார்க்க அவரிடம் கருவி எதுவும் இல்லாதபடியால், கைபேசியில் ஓடத்தக்க பிரதி ஒன்றையும் 25 சட்டகத்திலேயே செய்து கொடுத்தோம்.